கன்டெய்னரில் ஏறிய குருத்தோலை

எங்கள் முதல் வாழைக்காய் கன்டெய்னர் இன்று துறைமுகம் போக வேண்டும். காயோடு ஒரு பூச்சியோ இலையோ போனாலும் வாங்கும் நாட்டுக்காரன் மொத்தத்தையும் திருப்பிவிடுவான். அதனால் ஒவ்வொரு சீப்பையும் கழுவித் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்துதான் பெட்டியில் அடுக்கினோம்.

சோதிக்க வந்த ஆபீசர் முதல் பெட்டியைத் திறந்தார். காய்க்கு மேலே ஒரு குருத்தோலைச் சிலுவை.

எங்கள் மேஸ்திரி அந்தோணி அண்ணாச்சி முன்னால் வந்தார். திரேஸ்புரத்தில் படகு ஓட்டியவர்.

"குருத்து ஞாயித்துக்கிழமை கோயில்ல சாமியார் மந்திரிச்ச ஓலை சார். பூச்சி அண்டாது."

"அண்டாதுன்னு நீங்க சொல்லுதீய. அந்த நாட்டுக்காரன் கேட்டா சாமியார்ட்ட எழுதி வாங்கியா குடுக்க முடியும்?"

நான் மெதுவாகக் கேட்டேன். "வேற எதுலயும் வச்சிருக்கீயளா அண்ணாச்சி?"

"கடைசிப் பெட்டியில ஒண்ணு. படகுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வைக்கோம்லா? இதுவும் கடல்ல போறதுதான."

அத்தனை பெட்டியையும் பிரித்து மறுபடி பார்த்தோம். மதியச் சாப்பாடு போயிற்று. சாயங்காலம்தான் சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

கிளம்பும்போது ஆபீசர் இரண்டு ஓலையையும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "மந்திரிச்சதக் குப்பையில போடக் கூடாதுல்லா?" ஒன்றைத் தன் ஸ்கூட்டரின் முன்னால் செருகினார்.

"பின்னாலயும் ஒண்ணு வைங்க சார்" என்றார் அண்ணாச்சி. வைத்தார்.

ஆக, கடலில் போகும் வாழைக்காய்க்கு வெறும் சான்றிதழ்தான் துணை. வீட்டுக்குப் போகும் ஸ்கூட்டருக்கு முன்னும் பின்னும் காவல்.

நட்புப் பட்டியலில் பங்குச் சாமியார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கன்டெய்னருக்குப் பிளாஸ்டிக் ஓலையை மந்திரிப்பீர்களா?