லிஃப்ட் மெக்கானிக் விட்ட ராக்கெட்

மாமா ராக்கெட் செய்கிறார் என்று அக்கா போனில் சொன்னபோது நான் கடையில் ஒரு அம்மாளுக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தேன். அளவு தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷன் ரேடியோவைப் பிரிப்பார், மிக்ஸியைப் பிரிப்பார். ராக்கெட் எதற்கு?

"எதுக்குன்னு கேட்டா, மேல போயிட்டு நல்லபடியா கீழ வரணும்ங்கறாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நீ ஒரு எட்டு வந்து பாருடா," என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை இடத்தில் அவருக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர். மோட்டார், கயிறு எல்லாம் பார்த்து முடித்தபிறகும் மனுஷன் கிளம்ப மாட்டார். ஒவ்வொரு மாடியிலும் இறங்கி, கதவின் பூட்டைக் கையால் இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் ஓடும்போது கதவு திறக்கக் கூடாது, திறந்தால் ஆள் காலி. சாப்பிட உட்கார்ந்தால்கூட இதைத்தான் பேசுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் மெஷின் ரூமில் குனிந்து நிமிர்ந்தபோது இரும்பு உத்தரத்தில் அவர் தலை மோதிவிட்டது. தையல் போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்த மாமா கொஞ்சம் வேறு மாதிரி இருந்தார். பக்கத்து வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். குளித்துவிட்டு வந்து, துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார். மற்ற நேரமெல்லாம் பழைய மாமாதான். என்னைக் கிண்டல் செய்வதில் ஒரு குறையும் இல்லை. சரியாகிவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவருடைய சூப்பர்வைசர் கெட்டிக்காரர். "உங்களுக்கே சரின்னு பட்டா திங்கக்கிழமைலேர்ந்து வாங்க," என்று முடிவை மாமா தலையிலேயே கட்டிவிட்டார், அடிபட்ட அதே தலையில்.

அக்காவுக்கு அவரை அனுப்ப இஷ்டமில்லை. "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்று அவருடைய டூல்ஸ் பையைக் கொண்டுவந்து என் கடையில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பை எங்கே என்று மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேடவில்லையா, மறந்துவிட்டாரா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று எங்களுக்கு மண்டை காய்ந்தது.

நான் போனபோது சாப்பாட்டு மேசை முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான். நடுவில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய், என் கடையிலிருந்து வந்ததுதான். எப்போது தூக்கிக்கொண்டு போனாரோ. பழைய பிளாஸ்டிக் ஃபைலை வெட்டி வால் இறக்கைகள். சமையலறைப் புனலின் குழாயை அறுத்து, ஓட்டையை அடைத்து, ராக்கெட்டுக்கு மூக்கு. பாராசூட்டாகத் திரைச்சீலை லைனிங்கில் தைத்த குட்டிக் குடை. எமர்ஜென்சி விளக்கின் பேட்டரியோடு ஒரு லிஃப்ட் பட்டன் பெட்டியை வயர் போட்டு இணைத்திருந்தார். மேலே போக ஒரு அம்பு, கீழே வர ஒரு அம்பு.

"கீழ் பட்டன அமுக்கினா இறங்கிடுமா மாமா?"

"அதுக்கு கனெக்‌ஷனே இல்ல மாப்ள. உன்ன மாதிரி, பாக்கறதுக்கு மட்டும்தான்."

இந்த ஆளுக்கா மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

"என் புனலக் காணோம்னு வீடு பூரா தேடிட்டேன். கடைசில இங்க கெடக்கு," என்றாள் அக்கா.

வீட்டில் கிடைக்காத பொருள் மோட்டார் ஒன்றுதான். பொம்மை விமானச் சாமான் விற்கிற கடைக்கு நானும் கூடப் போனேன். கட்டைவிரல் பருமனில், உள்ளே வெடிமருந்து அடைத்த ஒரு அட்டை உருளை. ஒரு தடவைதான் எரியும், பிறகு குப்பை. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "மேல போன கொஞ்ச நேரத்துல இதே மோட்டார் முன்பக்கமா ஒரு தள்ளு தள்ளும். மூக்கு கழண்டு, குடை வெளிய வந்து விரியும். அதனால மூக்கு லூசாத்தான் இருக்கணும். ஒட்டிடாதீங்க."

மாமா தலையாட்டினார். திரும்பும் வழியில் அதை எனக்கே ஒரு தடவை விளக்கினார், கடைக்காரரைவிடத் தெளிவாக. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"மாப்ள, என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே புரியல. பழகின வேலைன்னா கை தானா செஞ்சிடும், அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பழகாத ஒண்ண, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நானே யோசிச்சு செஞ்சு பாக்கணும். இது மேல போயி, குடை விரிஞ்சு, நல்லபடியா இறங்கிச்சுன்னா திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். இல்லேன்னா இல்ல. உங்கக்காகிட்ட சொல்லிடாத."

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன். என் வாயில் எது நின்றிருக்கிறது? அக்கா திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் போய் அடுப்பைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த அடுப்பை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இருந்த காலி மைதானத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். மணல் நிரப்பிய வாளியில் ஒரு கம்பியை நட்டு, அதில் ராக்கெட்டைக் கோத்தார் மாமா. பார்க்க ஜம்மென்று இருந்தது. மூக்குக்குக் கீழே வெள்ளி நிற டேப்பை அலங்காரமாகச் சுற்றியிருந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நான் இப்ப என்னன்னுடா வேண்டிக்கறது?" என்று அக்கா என் காதில் கேட்டாள். "நல்லா வந்தா இவரு வேலைக்குப் போயிடுவாரு. வரலேன்னா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு."

பொதுவாக வேண்டிக்கொள் என்றேன்.

மாமா மேல் அம்பை அமுக்கினார். சீறல் சத்தம்தான் கேட்டது. கம்பி வெறுமையாக நின்றது. அண்ணாந்து பார்த்தபோது புகைக் கோடு நேராக, கொஞ்சமும் கோணாமல் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். உச்சியில் 'டப்' என்று ஒரு சின்னப் புகை. ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

"குடை, குடை," என்றேன்.

குடை இல்லை. முன்பக்கம் வழி கிடைக்காத தள்ளு, எரிந்து தீர்ந்த மோட்டாரைப் பின்பக்கமாகத் துப்பியிருந்தது. ராக்கெட் தலைகீழாகத் திரும்பி, போன வேகத்திலேயே வந்து தரையில் குத்தி நின்றது.

மாமா ஓடவில்லை, நடந்தே போனார். நசுங்கிய குழாயைப் பிடுங்கி வெள்ளி டேப்பை உரித்தார். உள்ளே, மூக்கையும் குழாயையும் சேர்த்து, ஒரு சின்ன ஸ்பிரிங் கொக்கி. பட்டன் பெட்டியின் மூடியைப் பூட்டி வைக்கிற கொக்கி. வெளியிலிருந்து விரலால் நெம்பினால்தான் திறக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. "மாமா, இது மூளைக் கோளாறே இல்ல. 'கதவு'ன்னு பேரு வாங்கின ஆள் வேற என்ன செய்வாரு? போயிட்டிருக்கும்போது தொறக்கற மூடிய உங்களால சும்மா விட முடியல. நீங்க அப்படியே பழைய ஆளுதான்."

"அதானே," என்றாள் அக்காவும். அவள் முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு தெளிவு.

மாமா கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார். "நல்லாத்தான் மாட்டியிருக்கேன். ஸ்க்ரூகூட சாயல." மறுபடி ஒரு தடவை அதைத் திறந்து மூடினார்: "ஆனா மாட்டினது எனக்கு ஞாபகமில்ல மாப்ள. லூசா இருக்கணும்னு உனக்கு சொன்னது ஞாபகம் இருக்கு. குடைய மடிச்சு உள்ள வெச்சது இருக்கு. டேப் சுத்தினது இருக்கு. இது மட்டும் இல்ல."

நான் சிரித்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமா போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"சார், நான் வரல சார். திங்கக்கிழமைன்னு இல்ல, இனிமே என்னை லிஃப்ட் பக்கம் போட வேணாம். உடம்பு நல்லாருக்கு சார். தலைதான்."

இவ்வளவு சரியாக யோசிக்கிற மனுஷனுக்குத் தலை சரியில்லை என்று எப்படி நம்புவது? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

அவர் வேலைக்குப் போகக் கூடாது என்று பையை ஒளித்துவைத்த அக்காதான் அழுதாள். "எதுக்கு அவசரப்பட்டு சொன்னீங்க? இன்னொரு மோட்டார் வாங்கி இன்னொரு தடவ விட்டுப் பாத்திருக்கலாமே."

"விடலாம்," என்றார் மாமா. "இதுக்குள்ள ஆள் இல்ல, எத்தன தடவ வேணாலும் விடலாம்."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கும் கண் கலங்கியது.