‘நீர்’ இல்லாத மொழி

சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் வாவல் மீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றபோதுதான் அந்த அழைப்பு வந்தது. பேசியவர் பேராசிரியரின் மனைவி. நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். பேராசிரியர் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு நானும் கலங்கிப்போய் இருந்தேன். “தங்கச்சி, அவர் கதைக்கத் தொடங்கிட்டார்” என்றார் அக்கா. ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. “டொக்டர் அது உளறல் எண்டுறா. எனக்கெண்டால் உங்கட ரஷ்யன் மாதிரிக் கேக்குது. ஒருக்கா வாறீங்களோ?” மீனை அப்படியே விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

வார்டுக்குள் நுழையும்போதே அவர் குரல் கேட்டது. திரையைக் கொஞ்சம் விலக்க முடியுமா, வெளிச்சம் போதவில்லை என்று தாதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சுத்தமான ரஷ்ய மொழி. ஒரு வேற்றுமை உருபுகூடத் தப்பவில்லை. பாவம், அந்தப் பெண் “யெஸ் அங்கிள், யெஸ் அங்கிள்” என்று தண்ணீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார். இது உளறல் இல்லை, ரஷ்ய மொழி, நம் இரண்டு பேரின் ஆங்கிலத்தைவிட ஒழுங்காகவே பேசுகிறார் என்று மருத்துவரிடம் சொன்னேன். அந்த இளம் மருத்துவரின் முகம் மாறிப்போனது. பல மொழி தெரிந்தவர்களுக்கு அபூர்வமாக இப்படி நேருமாம். ஒரு மொழி தங்கிவிடும், மற்றவை போய்விடும். போனது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

நான் தமிழில் பேசிப் பார்த்தேன். எம்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆங்கிலத்துக்கும் அதே பார்வைதான். ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்து, “கடைசியில் ஒரு மனுஷி வந்தாள்” என்று அதே மொழியில் சொன்னார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இவருக்குத் தெரிந்த போலிஷ் போகட்டும், பல்கேரியன் போகட்டும், இவரைத் தவிர ஊரில் யாரும் சீந்தாத அந்தப் பழைய ஸ்லாவிய மொழி ஒழிந்தே போகட்டும். தமிழ் ஏன் போகவேண்டும்? அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நின்ற மனிதர் ஆயிற்றே.

அவரோடு நான் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. என் வாப்பாவுக்குச் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ரேடியோவும் துணியும் விற்கும் கடை இருந்தது. சோவியத் கப்பல் மாலுமிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களிடம் பேரம் பேசிப் பேசி வந்த ரஷ்ய மொழியைப் பிறகு கல்லூரியில் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் லெனின்கிராட் குளிரில் படித்து டாக்டர் பட்டத்தோடு திரும்பியவர். சிங்கப்பூரில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். ரஷ்ய–தமிழ் அகராதிக்குத் துணை ஆசிரியர் தேடியபோது நான் போய் நின்றேன். “நீர் எங்க படிச்சனீர்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் குடிக்க மட்டும்தான் பயன்படுத்துவோம். மேடையில் ராஜா மந்திரியை விசாரிக்கிற மாதிரி இருந்தது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மாணவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வகுப்பு நின்றது, பிறகு அறையும் போனது. ஓய்வு பெற்றதும் அகராதி முழுசாகப் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, மிச்சமிருந்த படுக்கையறையை அகராதி எடுத்துக்கொண்டது. “வேற ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாலும் இவ்வளவு இடம் கேட்டிருக்க மாட்டாள்” என்று அக்கா தேநீர் வைத்துவிட்டுப் போவார். அவரோ, “நீரும் வந்து இருமன், ஒரு சொல்லுக்கு ஆள் தேவை” என்பார். அக்கா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நாங்கள் அதிகம் சண்டை போட்டது ஒரு சின்னச் சொல்லுக்காக. ரஷ்ய மொழியில் முன்னால் இருப்பவரை அழைக்க இரண்டே சொற்கள். நெருங்கியவருக்குத் ‘தி’, மற்றவருக்கு ‘வி’. நீ, நீங்கள் என்று போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அவர் ‘வி’க்குப் பக்கத்தில் ‘நீர்’ என்பதையும் சேர்க்கவேண்டும் என்றார். இந்த ஊரில் யார் சார் அப்படிப் பேசுறாங்க என்று கேட்டதற்கு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “நீ எண்டால் சொந்தம். நீங்கள் எண்டால் மரியாதை. ரெண்டும் ஒண்டா வேணும் எண்டால் என்ன செய்வீர்? என்ர மனிசியை நான் என்னெண்டு கூப்பிடுறது? ரஷ்யனிட்ட அந்தச் சொல் இல்லை, பாவம்.” கடைசியில் ‘நீர்’ அகராதிக்குள் போனது. நான்தான் தோற்றேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். போர்வையை இழுத்துவிட்டார், தலையணையை நிமிர்த்தினார், கஞ்சி ஊட்டினார். ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் ரஷ்ய மொழியில் ஒன்று சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். “தங்கச்சி, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அவருக்கு என்னைத் தெரியுதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. என்னை என்னெண்டு கூப்பிடுறார்?”

“‘வி’ங்கிறார்க்கா.”

“அது நீங்களோ, நீரோ?”

அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். “அப்ப நீர் எண்டுதான் சொல்லியிருப்பார்” என்று அக்கா திரும்பிப் போய்ப் போர்வையை மறுபடி சரிசெய்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் பேராசிரியர் ‘வி’யோடு சேர்த்து வேறு ஒன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய் கஞ்சிக்கும் நன்றி சொன்னார். எந்தத் தமிழ் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறான்?

பார்வை நேரம் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. பேராசிரியர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அக்காவைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார். நான் கேட்டது சரிதானா என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையே சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சொல்லுறார்?” என்றார் அக்கா.

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் ரஷ்ய மொழி தெரிந்திருக்காது, என்ன சொன்னாலும் அதுதான் மொழிபெயர்ப்பு. அக்கா என் முகத்தைப் படித்துவிட்டார். “கூட்டிக் குறைக்காமச் சொல்லுங்கோ. இவ்வளவு காலம் ரெண்டு பேரும் அதுக்காகத்தானே அடிபட்டனீங்கள்.”

சொன்னேன். “இந்த அம்மா காலையிலிருந்து எனக்காக நின்னுகிட்டே இருக்காங்களாம். ரொம்ப நல்லவங்களாம். வீட்டுல இவங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்களா, நேரத்தோட போகச் சொல்லுங்கன்னு சொல்றார்.”

அக்கா அழவில்லை. நான் அழுதேன், அவர் அழவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், இன்னொரு முறை மடித்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் கூட வாழ்ந்தவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வீட்டில ஆள் இல்லை எண்டு சொல்லுங்கோ. நான்தான் ஒருத்தருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறன். அவர் இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ.”

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. பேராசிரியர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லை முடிவு செய்யுமுன் எப்போதும் அப்படித்தான் செய்வார். பிறகு, “கட்டாயம் வருவார்” என்று அக்காவிடமே நேராகச் சொன்னார். என்னைப் பார்த்து, அதுவரை ஏன் நிற்கிறார், உட்காரச் சொல்லுங்கள் என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா உட்கார்ந்துவிட்டார்.