கிரகணத்தில் வாழைக்காய் அரிந்தவள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் முத்தியால்பேட்டையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்து, மாடி வீடு கட்டியவன். யாரிடமும் கைநீட்டியதில்லை. தங்கச்சி மகள் செல்வாம்பாளை அரியாங்குப்பத்துக் கலைவாணனுக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான்.

2019 டிசம்பர் அமாவாசை, காலையில் சூரிய கிரகணம். ஆறு மாசக் கர்ப்பிணி என்று அவளை அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். நைட் டூட்டி முடித்து வந்த புருசன் பசி என்று கத்தினான். எழுந்து வந்து வாழைக்காய் அரிந்தாள். மாமியார் பச்சையம்மாள் பார்த்துவிட்டார். குழந்தை உதடு பிளந்து பிறந்தது. அவ்வளவுதான், தாயும் பிள்ளையும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்ய வைத்தது நான். உதடு கூடுவது மூன்றாம் மாசத்துக்குள் முடிகிற காரியம், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர்.

இந்த வருஷம் கலைவாணன் ஆள் அனுப்பினான். செல்வாம்பாள் தப்பை ஒத்துக்கொண்டால் வந்து இருக்கலாமாம். மகள் கவிநிலாவுக்கு ஆறு வயது. அப்பா எங்கே என்று கேட்கிறாள். மூவரும் அரியாங்குப்பம் போனோம்.

நான் விடுவேனா? ஒரு தண்ணி பாட்டில் மூடியை எடுத்துக் கூடத்து பல்புக்கு நேரே பிடித்தேன்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு பாருங்க சம்மந்தி. மூடி கண்ணுக்குக் கிட்ட இருந்தா பல்பு முழுசா மறையுது. தள்ளிப் புடிச்சா ஓரம் வளையமா தெரியுதா? நிலாவும் ஒரே தூரத்துல சுத்தறதில்ல. தள்ளி இருக்கறப்ப சூரியனுக்கு நேரா வந்தா முழுசா மறைக்க முடியாது, சுத்தி வளையம் நிக்கும். 2031 மே மாசம் மதுரைப் பக்கம் அப்படித்தான் தெரியப்போவுது. நமக்கு ஒரு பக்கம் கடிச்ச மாதிரி. வெறும் நெழலு! அது வயித்துப் புள்ள ஒதட்ட அறுக்குமா?"

"வானத்தையும் வெல்டிங் பண்ணுவீங்க போல," என்றார் பச்சையம்மாள். "அருவாமனையில ஒக்காந்தது அவதானே?"

"யாரு பசிக்குன்னு உங்க புள்ளைய கேளுங்க!"

கலைவாணன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

செல்வாம்பாள் என் கையைப் பிடித்து இறக்கினாள். "விடுங்க மாமா. நீங்க சொல்றது நெசந்தான். அத வச்சிகினு எம் பொண்ணுக்கு அப்பன கொண்டாற முடியுமா?"

மாமியார் காலில் விழுந்தாள். "தப்பு என்னுதுதான் அத்தை."

"இவரு சொல்ற அந்த கிரகணத்துக்காவது அடங்கி உள்ள கெட."

"சரிங்க அத்தை."

கவிநிலா பார்த்துக்கொண்டே நின்றாள். தன் உதடு அம்மா செய்த தப்பு என்று அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. நான் செருப்பை மாட்டினேன். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.