விட்டுப்போன வரிகள்

சர்வேயருக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது வயது ஐம்பத்திரண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நிற்கவும் நிற்காது என்று கைவிரித்துவிட்டார் மருத்துவர். நிலம் அளக்கிறவருக்கு அது பாதி உயிர் போன மாதிரிதான். அவர் எழுதிய ஏழு, படிப்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து ஒன்றாகவும் இருந்தது, நாலாகவும் இருந்தது.

அப்போது கைகொடுத்தது அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய அச்சுப்பொறி. வயர் கிடையாது. அளவுகளைத் தட்டிப் பதிந்த கிராஃபிங் கால்குலேட்டரை அதன்முன் நீட்டினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எண்கள் போய்ச் சேர்ந்து நீளக் காகிதத்தில் வரிவரியாக விழும். கண்ணாடி இல்லாமல் அந்தப் பொடி எழுத்து சர்வேயருக்குப் புலப்படாது. கிழித்து நெட்டையிடம் கொடுப்பதோடு சரி.

நெட்டை, அளவுகோல் பிடிக்கும் ஊழியர். தூரத்திலிருந்து பார்த்தால் எது கோல், எது ஆள் என்று சந்தேகம் வரும். சர்வேயர் ஒவ்வோர் அளவையும் உரக்கக் கத்துவார். நெட்டை திருப்பிக் கத்துவார். பிறகுதான் அடுத்த புள்ளி. சுருளைப் புத்தகத்தில் ஒட்டி அலுவலகத்தில் சேர்ப்பதும் நெட்டையின் வேலை. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

புதிய அதிகாரி வந்தார். வெட்டி ஒட்டியதெல்லாம் வேண்டாம், அச்சான சுருள் அப்படியே வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தை அளக்கும்போது தானே வந்து பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் சர்வேயரைக் கிடங்குக்கு மாற்றுவதாகவும் சொன்னார். முப்பது வருடம் வெயிலில் நின்ற மனிதருக்கு மின்விசிறிக்குக் கீழே உட்காருவதுதான் தண்டனை.

ஒத்திகை பார்க்க சர்வேயர் கால்குலேட்டரையும் அச்சுப்பொறியையும் வீட்டுக்கு எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அச்சடித்தார். நான்காம் வரிக்கு அடுத்து ஏழாம் வரி. எட்டாவதில் பாதி எண்களுக்குப் பதில் கறுப்புக் கட்டங்கள். இத்தனை நாள் ஒழுங்காக இருந்த சனியன் இப்போதா காலை வாரவேண்டும் என்று திட்டிக்கொண்டே பேட்டரியை மாற்றினார். இந்த அச்சுப்பொறிக்குப் பதில் பேச வழியில்லை. 'கொஞ்சம் பொறு' என்று சொல்லாது. கால்குலேட்டர் தன்பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டே போகும். அதனால் வரிக்கு வரி இடைவெளியை இரண்டு நொடியாகக் கூட்டினார். வெயில் அந்த ஒளியைக் குழப்பாமல் இருக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஓட்டைகள் குறைந்தன, ஒழியவில்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"அதைக் கையில பிடிக்காம, கீழ வெச்சுத்தான் பாருங்களேன்."

வைத்தார். ஒரு வரி விடாமல் வந்தது. நடுங்கும் கையில் ஒளி குறி தவறியிருக்கிறது. பழி முழுக்க அச்சுப்பொறிமேல். அன்றே மனைவி ஒரு பலகையில் சட்டம் அடித்து, இரண்டும் நான்கு விரல் இடைவெளியில் அசையாமல் எதிரெதிரே உட்காரும்படி செய்து, மேலே அட்டையால் கூரையும் போட்டுக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தாறு அளவுகள், முப்பத்தாறு வரிகள். அதிகாரி எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டார். சர்வேயருக்குக் கால் தரையில் பாவவில்லை. அலுவலகப் படியேறும்போதுதான் பொறிதட்டியது: கை இரண்டு வருடமாக நடுங்குகிறதே, அப்படியானால் பழைய சுருள்கள்?

ஆவண அறைக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினார். பக்கத்துக்கு ஐந்தாறு வரிகள் அச்சில் இல்லை. விட்டுப்போன இடத்திலெல்லாம் மெல்லிய காகிதத் துண்டு ஒட்டி, அச்செழுத்தைப் போலவே பொடிப்பொடியாக, நீல மையில் எண்கள். அவர் கத்திய எண்கள்.

நெட்டை வாசலில் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர்வேயர் கேட்டபிறகுதான், திருப்பிக் கத்தும்போதே ஒவ்வொன்றையும் சட்டைப்பை நோட்டில் குறித்துவைத்ததாக ஒப்புக்கொண்டார்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே வேலைய விட்டிருப்பீங்க சார். நான் யாருக்குக் கோல் பிடிக்கிறது?"

சர்வேயர் கோலை வாங்கிச் சுவரில் சாய்த்தார். இரண்டு வருடம் மற்றவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்த கையை நீட்டி நெட்டையின் கையைப் பற்றினார். நெட்டை அதை நிறுத்தப் பார்க்கவில்லை. தன் கையையும் சேர்த்து நடுங்க விட்டார்.