கூண்டுக்கு ஒரு போர்டு

"இது என்ன பட்டாசு ரூமா?" என்று அந்தக் கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிவகாசி பஜாரில் நாய்க்குட்டியும் லவ் பேர்ட்ஸும் வண்ண மீனும் விற்கிற கடை அது. ஒரு தீபாவளிக்கு, போனஸ் கைக்கு வந்ததும், மகள் ஆசைப்பட்டாளே என்று என் சித்தி அங்கே ஒரு வெள்ளைக் குட்டி வாங்கினாள். அது பால்குடி மறக்காத குட்டி என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த வாரமே கழிச்சல் கண்டு செத்துப்போய்விட்டது. என் தங்கை சோறு தண்ணீர் இல்லாமல் அழுதாள். "இனிமே எனக்கு எதுவும் வாங்கித் தராதம்மா" என்று அவள் சொன்னதுதான் சித்திக்குப் பொறுக்கவில்லை.

சித்தி ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கண்காணிப்பாளர். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் போர்டு இருக்கும். உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்று. ஓர் ஆள் கூடிவிட்டால் அவள் போடுகிற சத்தத்தில் மரத்துக் காக்காய் பறந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் மறுபடி கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டிகள் கிடந்த கூண்டைக் காட்டி, "இதுக்குள்ள எத்தனை இருக்கணும்னு போர்டு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள். அதற்குத்தான் அவர் அப்படிச் சிரித்தார். "எங்க கம்பெனியில மருந்துக்கே மூச்சுவிட எடம் விடுறாக. நீங்க உசுருக்கு விடமாட்டீகளோ?" என்றாள் சித்தி. அவர் வேறு ஆளுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

அன்று பிடித்தாள் பாருங்கள்! கம்பெனி வேனில் வருகிற பெண்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாள். கடைக்கு உரிமம் வேண்டும், கூண்டுக்கு அளவு வேண்டும், பால்குடி மறக்காததை விற்கக் கூடாது, மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டாள். சீசன் நேரத்தில் சம்பளத்தை விட்டுவிட்டுத் திங்கட்கிழமைகளில் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவாள். "மனுசனுக்கே நாதியில்ல, நாய்க்கு மனுவாக்கும்" என்று சித்தப்பா கேலி செய்தார். "மனுசனும் நாதியில்லாமத்தான் கெடந்தான். வெடிச்சு, எத்தனையோ பேரு கருகி, பெறகுதான அந்தப் போர்டே வந்துச்சு" என்றாள். நானும் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனிக்கு எழுதுகிற பெயின்டரிடமே ஒரு போர்டும் எழுதி வாங்கினாள். 'இக்கூண்டில் நான்கு குட்டிகள் மட்டும்' என்று எழுதிய அந்த மனிதர், கைப்பழக்கத்தில் அதற்குக் கீழே 'தீப்பெட்டி, செல்போன் கொண்டுவரக் கூடாது' என்றும் எழுதிவிட்டார். சிரித்துச் சிரித்து வேனே குலுங்கியது. சித்தி அசரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நின்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் படித்துச் சிரித்த ஒவ்வொருவரும் அப்படியே உள்ளே எட்டிப் பார்த்துக் குட்டிகளை எண்ணினார்கள். எண்ணியவர்கள் கடைக்காரரிடம் காரணம் கேட்டார்கள். அவரால் அன்று சிரிக்க முடியவில்லை.

இப்போதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரோட்டோரத்தில் சாயத்தில் முக்கியெடுத்த கோழிக்குஞ்சுகள் வெயிலில் வாடத்தான் செய்கின்றன. சித்தி அதற்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பஜார் கடைகளுக்குக் கால்நடை மருத்துவர் வருகிறார், உரிமம் எங்கே என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். போன மாதம் என் தங்கை தானாகவே, "ஒரு குட்டி வாங்குவமாம்மா?" என்றாள். மூவரும் அதே கடைக்குப் போனோம். கூண்டு பெரிதாகியிருந்தது. உள்ளே நான்கே குட்டிகள், பக்கத்தில் தாய். தங்கை ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சித்தி பர்ஸைத் திறந்தாள். கடைக்காரர் தங்கை கையிலிருந்து குட்டியை வாங்கித் திரும்பத் தாயிடம் விட்டார்.

"இப்பத் தர மாட்டேன் தாயி. இன்னும் பால்குடி மறக்கல. அடுத்த மாசம் வாங்க."

தங்கை முகம் வாடிவிட்டது. சித்தியோ நடுக்கடையில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வாரோம் அண்ணாச்சி. எம்புட்டு நாளானாலும் காத்துக் கெடக்கோம்."