மாநிறம்

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. ஆனால் இது நடந்தது. போன சித்திரையில், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் மாடி அறையில், பட்டப்பகலில் நடந்தது.

நான் பேஸ்டல் குச்சியில் ஆள் படம் வரைகிறவள். பெரும்பாலும் இறந்தவர்களின் படம், படத்திறப்புக்காக. அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அதுவே கண்ணுக்குள் நின்றுகொண்டு வேலை ஓடாது.

அன்று வரைந்தது எறையூர் காத்தாயி அம்மாவின் படம். அவர் கணவர் அண்ணாதுரைதான் மூன்று போட்டோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். கல்யாணப் போட்டோவில் முகம் முழுக்கப் பவுடர். மகள் செல்போனில் எடுத்த படத்தில், அந்தப் பாழாய்ப்போன பியூட்டி கேமரா அவரைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கி வைத்திருந்தது. ஆதார் நகலில் வெறும் கறுப்பு மை. ஒரே ஆள், மூன்று நிறம். இதில் எதை நான் நம்புவது? "கொஞ்சம் கலரா போட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மனிதர் போய்விட்டார்.

போட்டேன். மகள் வெற்றிச்செல்வி வந்து பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா இது எங்கம்மா இல்ல."

"அம்மா என்ன நிறம்?"

"மாநிறம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜில்லாவில் பாதிப் பேர் மாநிறம்தான்! அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று வரைகிறவளுக்குத்தான் தெரியும். பெட்டியில் 'ஸ்கின்' என்று பெயர் போட்டு ஒரு குச்சி வரும். ரோஸ் கலர். யார் வீட்டுத் தோலோ! நம் தோலுக்கு அடியில் பச்சை பூச வேண்டும், நிழல் விழும் இடத்தில் ஊதா, அதன்மேல் செங்கல் நிறம், வெளிச்சம் படும் மேட்டில் கொஞ்சம் காவி. இத்தனையும் செய்து இரண்டாவது படம் போட்டேன். அதைப் பார்த்து, இதுவும் அம்மா இல்லை என்று அவள் அழுதேவிட்டாள்.

"இனிமே நீங்க போடுற படந்தான்கா எனக்கு அம்மா. தப்பா மட்டும் போட்டுடாதீங்க. பாத்துப் பாத்து, தப்பான கலரே மனசுல நின்னுடும்."

படத்திறப்புக்கு முந்தின நாள். பகல் 12.10. மாதாந்திர பவர் கட், ஃபேன் ஓடவில்லை. யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று மாடிப்படியின் கம்பிக் கதவை உள்பக்கம் தாழிட்டிருந்தேன். மூன்றாவது படம். பூசிப் பூசித் தாளின் சொரசொரப்பெல்லாம் அடைந்துபோய், கன்னத்தில் வைத்த நிறம் பொடியாக உதிர்ந்தது. ஆத்திரத்தில் குச்சியைச் சுவரில் விட்டெறிந்தேன். நாளைக்கு அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

சர... சர...

காய்ந்த இலை உரசுவது மாதிரி ஒரு சத்தம்.

நிமிர்ந்தேன். அறை வாசலில் ஒரு அம்மா. வயல்காட்டு வேலைக்குப் போகிறவர்களைப் போல, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றிய துண்டு. வெயிலுக்கு ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். கதவைத் தாழிட்டது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"என்னம்மா வேணும்?"

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கைச் சட்டையை மட்டும் முழங்கை வரை சுருட்டிவிட்டு, கையை என் மேசைமேல் நீட்டினார்.

ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்ததும் வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. இதுதான் நான் தேடிய மாநிறம். உதிரும் பொடியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் கன்னத்தை முதலிலிருந்து தொடங்கினேன். பச்சை. அதன்மேல் செங்கல். இந்தத் தடவை நிறம் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஒன்று உறுத்தியது. மேசையில் சிவப்புத் துணி விரித்திருந்தேன். அதன்மேல் யார் கை வைத்தாலும் அடிப்பக்கத்தில் லேசாகச் சிவப்பு ஏறும். இந்தக் கையில் ஏறவில்லை. துணியை இழுத்துவிட்டுப் பார்த்தேன்.

நிறம் துளியும் மாறவில்லை.

"கையக் கொஞ்சம் திருப்புங்கம்மா..."

நானே மணிக்கட்டைத் தொட்டேன்.

விரலில் ஈரச் சேறு ஒட்டியது. அந்தக் கை சுத்தமாக, காய்ந்துதான் இருந்தது...

"மூஞ்சித் துண்ட எடுங்க. கன்னம் வேற கலரா இருக்கும்."

"மூஞ்சில கலரு இல்லம்மா."

கரகரவென்று அடித்தொண்டைக் குரல்.

"கையவே பாத்துப் போடு."

போட்டேன். எழுந்து ஓடிவிடத் தோன்றியது. ஆனாலும் எழ முடியவில்லை.

சர... சர...

டக்.

கரண்ட் வந்தது. 12.40.

ஸ்டூல் காலி.

படிக்கு ஓடினேன்.

கம்பிக் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

மறுநாள் எறையூரில் படத்தைத் திறந்ததும் வெற்றிச்செல்வி கிட்டே வந்து, படத்தின் கண்ணாடியில் தன் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"இதான்கா. இதே கலருதான். எப்படிப் புடிச்சீங்க?"

என் வழக்கத்தை விட்டு முதல்முறையாகக் கேட்டேன், அம்மாவுக்கு என்ன ஆனது என்று.

"கரும்பு வெட்டுன வயல்ல காஞ்ச எலச் சோகையக் கொளுத்துனாங்கக்கா. காத்து திரும்பிடுச்சு. அம்மா வாய்க்காலப் பாத்து ஓடி, கரையிலயே விழுந்துட்டாங்க." அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொகத்தப் பாக்க வேணாம்னு ஆஸ்பத்திரில முழுசா துணி சுத்தித்தான் குடுத்தாங்க. எடது கை மட்டும் வாய்க்கா சேத்துல பொதைஞ்சு கெடந்துச்சாம், அதுல தீ படல. அந்தக் கைய மட்டுந்தான்கா எனக்குத் தொறந்து காட்டுனாங்க."