ஹேஸ்கம் சார்

எங்கள் டுட்டோரியல் மாடியில் இருப்பது ஒரே ஹால். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன், அந்தப் பக்கம் டீச்சர் இங்கிலீஷ் இலக்கணம் நடத்துவார். சுவருக்குக் காது உண்டு என்பார்கள்; எங்கள் தடுப்புக்கு வாயே உண்டு. பல வருடம் கேட்டுக் கேட்டு எனக்கே இலக்கணம் ஓரளவு வந்துவிட்டது. டீச்சருக்குத்தான் கடைசிவரை கணக்கு வரவில்லை.

அவரிடம் படித்தவர்கள் நர்ஸ்கள், டிரைவர்கள், கிடங்கு வேலைக்காரர்கள். எல்லோருக்கும் குழப்பம் ஒன்றுதான். 'கேம்' எப்போது, 'ஹேஸ் கம்' எப்போது? அதற்கு டீச்சர் தன் வீட்டுக்காரரையே உதாரணமாக்கியிருந்தார். சாயங்காலம் அந்த மனிதர் ஸ்கூட்டரில் அழைத்துப்போக வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "ஹி ஹேஸ் கம்" என்று அறிவிக்க வேண்டும்.

"நேத்தும்தான் வந்தாரு. அது முடிஞ்சுபோச்சு, அதனால கேம். இப்ப வந்திருக்காரு, கீழேயே நிக்கிறாரு. அதனால ஹேஸ் கம்," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் போர்டை அழிப்பார். வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கட்டடத்தில் வேறு மணி கிடையாது.

அந்த மனிதருக்கு ஹேஸ்கம் சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர், இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஜன்னலிலிருந்து யாராவது அதைச் சொன்னால் தனக்கு வைக்கும் வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று மேலே பார்த்துக் கையாட்டுவார். யாரும் அவரைத் திருத்தவில்லை. டீச்சரும்தான்.

ஒரு நாள் அந்த மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். நான் துக்கம் விசாரிக்க வாயெடுத்தேன். "சாக்பீஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அன்று வகுப்பு முடியவே இல்லை. முடிக்கும் வாக்கியத்தை யார் சொல்வது? எல்லோரும் உட்கார்ந்திருக்க, டீச்சர் நடத்திக்கொண்டே போனார். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே குரல். டிரைவருக்கு ஷிப்ட் நேரம் தாண்டியது, கிடங்குக்காரருக்குக் கடைசி பஸ் போனது. நான் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தேன், அது அவர் காதில் விழவில்லை. தினமும் இதே கதையாக, ஆட்கள் ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள்.

"இப்படியே போனா அந்த வகுப்பை மூடிடுவேன். நீங்களாவது சொல்லுங்க சார்," என்றார் முதலாளி. பூனைக்கு மணி கட்டும் வேலை எப்போதும் என் தலையில்தான்.

"டீச்சர், நேரமாயிடுச்சே. கிளம்பலையா?"

"வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்னு தெரியல சார்."

அதைத் துக்கமாகக்கூடச் சொல்லவில்லை. பேனாவில் மை இல்லை என்பதுபோலச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்த அந்த மனிதர்மேல்.

பிறகு ஒரு சாயங்காலம் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த நர்ஸ் முந்தின இரவு முழுக்க டியூட்டி பார்த்தவள், அரைத்தூக்கத்தில் இருந்தாள். பழகிய வாய் தானாகத் திறந்தது.

"ஹி ஹேஸ் கம், டீச்சர்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் டஸ்டர் போர்டில் தேய்வது கேட்டது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் டீச்சர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். நர்ஸும் ஓடிவந்தாள்.

கீழே பார்சல் கொண்டுவந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாடிக்கு இதுதான் வழியாக்கா?"

"ஆமாப்பா," என்று ஒதுங்கி வழிவிட்டார்.

நர்ஸ் அழ ஆரம்பித்துவிட்டாள். "தூக்கக் கலக்கத்துல வந்துடுச்சு டீச்சர். மன்னிச்சுடுங்க."

"எதுக்கும்மா? வாக்கியம் சரியாத்தான் சொன்னே. ஆளுதான் வேற." டீச்சரின் கண் காய்ந்தே இருந்தது. பை தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "இனிமே யார் வந்தாலும் சொல்லு. எனக்கு முடிக்கத் தெரியல."

மறுநாள் தண்ணீர் கேன் வண்டி வந்து நின்றது. நான் பாதிக் கணக்கில் நின்றுகொண்டு, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அந்த நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். சின்னக் குரலில் சொன்னாள். டஸ்டர் நகர்ந்தது, நாற்காலிகள் நகர்ந்தன.

ஜன்னல் வழியே பார்த்தேன். டீச்சர் வண்டியைத் தாண்டும்போது, கேன் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் நின்று, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார். அவர் ஒன்றும் புரியாமல் கையாட்டினார்.